காத்தைக் கொறைச்சு வை

மழை பொய்த்த வருஷத்தில் அறுவடை மெஷின் டிரைவரிடம் வாடகையைப் பேசுவதற்கு முன்னால் காற்றைப் பேசிவிட வேண்டும். மெஷினின் வயிற்றுக்குள் ஒரு விசிறி சுற்றுகிறது. அடிபட்டு உதிர்கிற நெல்லிலிருந்து பதரையும் தூசியையும் பின்பக்கம் ஊதித் தள்ளுவது அதுதான். நன்றாக விளைந்த வருஷத்தில் அந்த விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் பெரிய நஷ்டம் இல்லை. முற்றிய நெல் கனமானது, விழ வேண்டிய இடத்தில் விழும். வறட்சியில் வந்த நெல் அப்படி இல்லை. பாதி பால் பிடித்து அதோடு நின்றுபோன மணிக்கும் பதருக்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. காற்று கூடினால் அந்த மணி வைக்கோலோடு போய்விடும். காற்று குறைந்தால் மூட்டைக்குள் பதர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"காத்தைக் கொறைச்சு வைப்பா. பதர் வந்தா வரட்டும், நாங்க தூத்திக்கறோம்" என்று 2017 பிப்ரவரியில் என் மாமனார் டிரைவரிடம் சொன்னார். டிரைவருக்கு அது பிடிக்கவில்லை. மூட்டை சுத்தமாக விழுந்தால்தான் அவர் வண்டிக்குப் பேர். "பெரியவரே, அப்புறம் மெஷின் சரியில்லன்னு ஊர்ல சொல்லுவாங்க" என்றார். "நான் சொல்லமாட்டேன், நீ ஓட்டு" என்றார் மாமா.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஓர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு இரண்டரை ஏக்கர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகிறவர்கள் கண்ணுக்கு இந்தப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைதான் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் 1990-களின் கடைசியில் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010-க்குப் பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் வந்தன. மதில் சுவர்களுக்கும் மனைக் கற்களுக்கும் பின்னால் இன்னும் நெல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கழனியைப் பார்ப்பது மாமனார், மாமியார், நான். கணக்கு நோட்டு என் கையில்.

வறட்சி என்றால் டிவியில் வெடித்த நிலத்தையும் அதில் உட்கார்ந்திருக்கிற பெரியவரையும் காட்டுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் படம் எடுத்து முடிந்த பிறகும் கழனியில் வேலை இருக்கிறது. அரைகுறையாக நிற்கிற பயிரில் எதை நெல்லாக அறுப்பது, எதை மாட்டுக்கு அறுப்பது, எதை விதைக்கு வைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று பிரிக்க வேண்டும். வறட்சி வருஷத்தில் அறுவடை என்பதே இந்தப் பிரிப்புதான். அது சரியாக அமைந்தால் குடும்பம் அடுத்த விதைப்புக்குப் போய்ச் சேரும்.

ஒரே மழை, மூன்று போகம்

காஞ்சிபுரத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். 2019-ல் செங்கல்பட்டைப் பிரிப்பதற்கு முன்பு பொதுப்பணித் துறை ஏரிகள் மட்டும் 900-க்கு மேல் இருந்தன. வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்குக் கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணல்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரியில் நிறுத்தி சம்பாவை முடிப்போம். மிச்சத் தண்ணீரில் நவரை. அதற்கும் மேல் கிணறு கைகொடுத்தால் சித்திரை வாக்கில் சொர்ணவாரி. பேர்தான் மூன்று போகம், மூன்றுமே அந்த ஒரு மழையின் தயவு.

2015-ல் அந்த மழை அளவுக்கு மீறிப் பெய்தது. எங்கள் ஏரி கலங்கல் வழிந்தது. செம்பரம்பாக்கத்தைத் திறந்து அடையாற்றில் வெள்ளம் போனது உலகத்துக்கே தெரியும். அடுத்த வருஷமே தலைகீழ். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில் வழக்கமாகக் கிடைப்பது சுமார் 440 மில்லி மீட்டர். 2016-ல் பெய்தது 168. அதாவது 62 சதவீதம் குறைவு. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லி மீட்டர் தண்ணீர் வேண்டும். மழை, ஏரி, கிணறு மூன்றும் சேர்ந்துதான் அதைக் கொடுக்க வேண்டும். ஏரிக்கு வரத்தே இல்லாதபோது எல்லாப் பாரமும் கிணற்றின் மேல் விழுந்தது.

அந்த செப்டம்பரில் மேட்டுக் கழனி ஒன்றரை ஏக்கரில் பி.பி.டி. 5204 போட்டிருந்தோம். ஆந்திரா பொன்னி என்று கடைகளில் விற்கிறதே, அந்த ரகம். சாப்பிட நல்ல அரிசி, விலையும் உண்டு. ஆனால் கிட்டத்தட்ட ஐந்து மாசப் பயிர். கிணற்றையொட்டிய பள்ளக் கழனி ஒரு ஏக்கரில் கோ 51. இது 105, 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில்தான் விதைத்தோம். அந்த ஒரு மாசத்துக்கு மேலான வித்தியாசம்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அக்டோபர் காய்ந்தது. நவம்பரும் காய்ந்தது. நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். களை எடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லாமல் அரிசியும் கடனுமாக ஓட்டினோம். டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அந்தப் பருவத்தில் எங்களுக்கு மழை என்று சொல்லும்படி வந்தது அந்த ஒரு நாள்தான். மரங்களைச் சாய்த்தது, ஏரிப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வானம் மூடவே இல்லை.

நெல் எந்த நேரத்தில் ஏமாறும்

நெல் தன் ஆயுசு முழுக்கத் தண்ணீருக்கு ஒரே மாதிரி தவிக்காது. தூர் கட்டும் காலத்தில் கொஞ்சம் காய்ந்தாலும் பிறகு தண்ணீர் கிடைத்தால் தேறிக்கொள்ளும். தேற முடியாத காலம் ஒன்று உண்டு. கதிர் தண்டுக்குள் உருண்டு திரள்வதைத் தொண்டை என்போம். அங்கிருந்து கதிர் வெளியே வந்து பூத்துப் பால் பிடிக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாசம். அந்த மாசத்தில் தண்ணீர் நின்றால் நெல் மன்னிக்காது.

கண்ணாடி இலை என்று நாங்கள் சொல்லும் கடைசி இலையின் உறைக்குள்ளிருந்து கதிரை மேலே தள்ள பயிருக்குத் தண்ணீரின் வேகம் தேவை. அது இல்லையென்றால் கதிர் கழுத்தோடு சிக்கி நிற்கும். வெளியே வந்த பகுதி மட்டும் பூக்கும். உள்ளே மாட்டிய பகுதி வெளுத்துப்போகும். நெல் பூ காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் கொஞ்ச நேரம் திறந்து மூடிவிடும். அந்த நேரத்தில் வேர் காய்ந்திருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. உமி மட்டும் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. இதுதான் முழுப் பதர். பூத்து, பால் பிடிக்கத் தொடங்கிய பிறகு தண்ணீர் நின்றால் அரிசி பாதியில் நிற்கும். அது கருக்கா. கழனி முழுக்க இப்படிப் போனால் சாவியாகிவிட்டது என்போம். தூரத்திலிருந்து பார்த்தால் சாவிப் பயிர் நல்ல பயிரைவிட நிமிர்ந்து அழகாக நிற்கும். கதிரில் கனம் இருந்தால்தானே தலை குனிய.

பள்ளக் கழனியில் கோ 51 நவம்பர் கடைசியில் பூத்தது. கிணற்றில் இருந்த தண்ணீர் முழுவதையும் மாமா அதற்கே விட்டார். மேட்டிலிருந்த பி.பி.டி. அப்போது தொண்டைக்கு வரவே இல்லை. "அதுக்கு இன்னும் நாள் இருக்கு, இதுக்கு இல்ல" என்றார். புயல் மழை வந்த அன்று பி.பி.டி. தொண்டையில் நின்றது. அந்த மழைதான் அதைப் பூக்க வைத்தது. ஆனால் பால் பிடிக்கும் நேரத்தில், ஜனவரி முதல் வாரத்தில், கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது.

கழனியைப் பிரித்தோம்

பொங்கலுக்கு முன்னால் மாமா மேட்டுக் கழனியைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கங்கே ஒரு கதிரை உருவிக் கொடுப்பார், நான் மணியை நகத்தால் நசுக்கிப் பார்ப்பேன். பால் வந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. மாவாக வந்தால் அறுப்புக்குத் தேறும். உமி மட்டும் மடங்கினால் பதர். ஒரு கதிரில் பாதிக்கு மேல் மடங்கினால் அந்த இடத்தை அவர் காலால் கோடு கிழித்து ஒதுக்குவார்.

கடைசி மடைக்கு அந்தப் பக்கம், கிணற்றுத் தண்ணீர் எட்டவே எட்டாத அரை ஏக்கர் சுத்தமாகச் சாவி. அதை முற்றும் வரை விட்டு வைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. பச்சை இருக்கும்போதே அறுத்தால் மாட்டுக்குத் தீவனம். நெல்லுக்குப் போகாத சத்து தாளிலேயே நிற்கும், மாடும் விரும்பித் தின்னும். விட்டுவிட்டால் காய்ந்த குச்சி. அந்த அரை ஏக்கரை அரிவாளால் நாங்களே அறுத்து மாட்டுக்குப் போட்டோம். பயிரை நெல்லாகாமல் அறுப்பது மாமியாருக்கு மனசுக்கு ஒப்பவில்லை. "பொங்க வைக்கிற மாசத்துல பச்சைப் பயிர்ல கத்தி வைக்கறதா?" என்றார்கள். மாமா பதில் சொல்லவில்லை, மாட்டைக் காட்டினார்.

நடுவில் இருந்த ஒரு ஏக்கர்தான் சங்கடமான இடம். வர்தா மழைக்குப் பிறகு பயிர் புதிதாகத் தூர் விட்டிருந்தது. மூத்த கதிர் பழுக்கும்போது இளைய கதிர் பச்சையாக நிற்கிறது. இளையதற்காகக் காத்திருந்தால் மூத்தது உதிரும். மூத்ததற்காக அறுத்தால் பச்சை மணி மூட்டைக்குள் வந்து ஈரம் கூடும். கதிரில் நூற்றுக்கு எண்பது மணி பழுத்ததும் அறுக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நல்ல வருஷத்தில் பூத்து ஒரு மாசத்தில் அது வந்துவிடும். வறட்சியில் அதைவிட முந்தும். மணியில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரம் இருக்கும்போது அறுப்பது நல்லது. அதற்கும் கீழே கழனியிலேயே காய்ந்துபோனால் பகல் வெயிலும் ராத்திரிப் பனியும் மாறி மாறிப் பட்டு அரிசிக்குள் கீறல் விழும். வெளியே தெரியாது, மில்லில் போட்டால் நொய்யாக உடையும். இளைய தூர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அவற்றுக்குப் பால் கட்ட இனித் தண்ணீர் எங்கிருந்தும் வரப்போவதில்லை என்று ஒத்துக்கொண்ட பிறகு தேதி குறிப்பது சுலபமாகிவிட்டது.

ஐந்து மீட்டர் கட்டம்

அறுப்புக்கு முன்னால் இன்னொரு வேலை நடந்தது. அது எங்கள் வேலை இல்லை, சர்க்கார் வேலை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த முதல் வருஷம் அது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் விவசாயி கட்ட வேண்டும், மிச்ச பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து கட்டும். இந்தக் காப்பீடு என் வயலில் எனக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் சராசரி விளைச்சல் எவ்வளவு என்று பார்க்கிறது. அதற்காக ஊரில் சில கழனிகளை சர்வே எண் வைத்துக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். எங்களுடையது வரவில்லை, பக்கத்துக் கழனி வந்தது.

கழனியின் தென்மேற்கு மூலையிலிருந்து, முன்பே குறித்துக்கொடுத்த அடிகளை நடந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கயிறு கட்டினார்கள். நல்ல இடமாகப் பார்த்து யாரும் கட்ட முடியாது, மோசமான இடமாகப் பார்த்தும் கட்ட முடியாது. அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் வைத்தார்கள். 25 சதுர மீட்டர் அது. ஒரு ஏக்கர் அதைப் போல 162 மடங்கு. அதாவது தராசில் ஒரு கிலோ ஏறினால் ஏக்கருக்கு 162 கிலோ என்று கணக்கு ஓடும். ஐந்து கிலோ வந்தால் 810 கிலோ. ஒரு கைப்பிடி கதிர் கூடக் குறைய விழுந்தால் ஊர்க் கணக்கே மாறும் என்பதால் அன்று கயிற்றைச் சுற்றி நின்றவர்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தோம்.

கிடைத்த சராசரியை, முந்தைய வருஷங்களின் விளைச்சலிலிருந்து முடிவு செய்த உத்தரவாத அளவோடு ஒப்பிடுவார்கள். உதாரணத்துக்கு உத்தரவாதம் 1,600 கிலோ, கிடைத்தது 800 கிலோ என்றால் பாதி குறைவு. காப்பீட்டுத் தொகையிலும் பாதி கிடைக்கும். சூத்திரம் அவ்வளவுதான். இதில் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஊர் நன்றாக விளைந்து உங்கள் கழனி மட்டும் காய்ந்தால் இதில் பணம் இல்லை. ஊரே காய்ந்தாலும் எல்லாக் கட்டங்களின் கணக்கும் சேர்ந்த பிறகுதான் பணம். ஆகவே அதை அறுப்புக் கூலிக்கு நம்ப முடியாது.

இன்னொரு பக்கம் நிவாரணம். 2017 ஜனவரி 10-ம் தேதி முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் போனவர்களுக்கு, நெல்லுக்கும் மற்ற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 3,000. நீண்ட காலப் பயிருக்கு 7,287. அந்த வருஷத்து நில வரியும் தள்ளுபடி. இதற்கு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டில் பயிர் ஏறியிருக்க வேண்டும். தீவனமாக அறுத்துவிட்ட அரை ஏக்கரும் நெல்தான் என்று அடங்கலில் இருந்ததா என்பதை அறுப்பதற்கு முன்பே மாமா பார்த்து வந்திருந்தார். அரிவாளை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பார்ப்பது என்று அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆளுக்கு எங்கே போவது

பள்ளக் கழனியின் கோ 51 டிசம்பர் கடைசியிலேயே அறுப்புக்கு வந்தது. புயல் காற்றில் ஒரு பகுதி படுத்துவிட்டது. மெஷின் படுத்த பயிரை ஒழுங்காக எடுக்காது, ஆள் அறுப்புதான் சரி. எங்கள் பக்கம் ஆள் கிடைப்பது எப்படி என்று வெளியூரில் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸும் வேனும் ஊர் முனையில் வந்து நிற்கும். வயசுப் பிள்ளைகள், பெண்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். கேன்டீனில் சாப்பாடு, மாசம் பிறந்தால் சம்பளம், தலைக்கு மேல் கூரை. அதை விட்டுவிட்டு யார் வெயிலில் குனிவார்கள்? அறுக்க வந்தவர்கள் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். அவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை நெல்லாகவே கொடுத்தோம். பணத்துக்கு வங்கியில் வரிசை நின்ற காலம் என்பதால் அவர்களுக்கும் அது தோதாக இருந்தது.

மேட்டுக் கழனிக்கு மெஷின். டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று இரண்டு உண்டு. சேறு இருக்கும் வருஷத்தில் பெல்ட் வண்டிதான் இறங்கும், வாடகையும் கூடுதல். வறட்சியில் நிலம் பாறையாக இருப்பதால் டயர் வண்டியே போதும். அந்த ஒரு செலவு மிச்சம். ஆனால் பயிர் குட்டை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கதிர். வெட்டும் கத்தியைத் தரையோடு இறக்கினால்தான் எல்லாக் கதிரும் உள்ளே போகும். இறக்கினால் மண்கட்டியும் சேர்ந்து போகும். அதனால் முந்தின நாளே நானும் மாமியாரும் வரப்போரத்துக் கட்டிகளையும் கற்களையும் பொறுக்கிப் போட்டோம். காய்ந்த கதிரை அடிக்கிற உருளையும் மெதுவாகச் சுற்ற வேண்டும், வேகம் கூடினால் கீறல் விட்டிருக்கிற மணி அங்கேயே உடையும். காற்று, கத்தி, உருளை: இந்த மூன்றையும் டிரைவரிடம் முன்கூட்டிச் சொல்லி, ஒரு சுற்று ஓட்டிய பிறகு பின்னால் விழுந்த வைக்கோலைக் கையில் அள்ளி உதறிப் பார்ப்பது நல்லது. நல்ல மணி அதில் உதிர்ந்தால் காற்றை இன்னும் குறைக்க வேண்டும். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்து நேராகக் கழனிக்கு வந்தவர், தூக்கக் கண்ணோடு அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

களத்தில் மூன்று குவியல்

பதரோடு வந்த மூட்டைகளைக் களத்தில் கொட்டித் தூற்றினோம். தை மாசத்துக் காற்று பகல் பதினோரு மணிக்கு மேல் எழும்பும். முறத்தை உயரப் பிடித்துச் சரித்தால் முழு நெல் காலடியில் விழும், கருக்கா இரண்டு அடி தள்ளி விழும், பதர் பறந்து போகும். மாமியார் தூற்றினால் அந்த மூன்றுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி இடைவெளி இருக்கும். நான் தூற்றினால் கலந்துதான் விழும். எனக்குப் பெருக்கும் வேலை.

முழு நெல்லை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 1,470 ரூபாய், சன்ன ரகத்துக்கு 1,510. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அந்த விலை கிடைக்கும். ஆனால் அங்கே தரக் கட்டுப்பாடு உண்டு. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முற்றாத, சுருங்கிய மணி 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கல், மண் ஒரு சதவீதம்; வைக்கோல், பதர் மாதிரி கழிவு ஒரு சதவீதம். ஈரத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், கல்லை முறம் பார்த்துக்கொள்ளும். சுருங்கிய மணியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. வறட்சி நெல்லின் குறையே அதுதானே. ஒரு கைப்பிடி எடுத்து எண்ணிப் பார்த்தபோதே மேட்டுக் கழனி நெல் அந்த அளவுக்குள் நிற்காது என்று தெரிந்துவிட்டது.

அதனால் பள்ளக் கழனி கோ 51-ஐ மட்டும் விற்றோம். மேட்டு நெல்லை வீட்டுக்கு வைத்துக்கொண்டோம், அதையும் பச்சரிசியாக அரைக்கவில்லை. கீறல் விட்ட நெல்லைப் புழுக்கினால் அரிசிக்குள் இருக்கும் மாவு வெந்து கீறலை ஒட்டிக்கொள்ளும், மில்லில் உடைவது குறையும். பி.பி.டி.யைப் புழுங்கலாகச் சாப்பிடுவதா என்று வீட்டில் முகம் சுளித்தவர்கள் உண்டு. உடைந்த நொய் கஞ்சிக்கு, கருக்கா கோழிக்கும் மாட்டுக்கும். ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டை எடுத்த மேட்டு மண்ணில் அந்த வருஷம் எட்டு மூட்டைதான். பள்ளக் கழனி பதினெட்டு கொடுத்தது.

விதை நெல்லையும் பள்ளக் கழனியிலிருந்துதான் எடுத்தோம், படுக்காமல் நின்ற நடுப்பகுதியிலிருந்து. வெளியே முழுதாகத் தெரிகிற மணிக்குள்ளும் வறட்சி ஒளிந்திருக்கும். விதைப்பதற்கு முன்பு அதைக் கண்டுபிடிக்க வேளாண் அலுவலர்கள் சொல்லிக்கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கோழி முட்டையைப் போட்டு, அது மேலே மிதக்கும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் விதையைக் கொட்டினால் கனமானது மூழ்கும், அரைகுறை மிதக்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி விதைக்கலாம். நல்ல வருஷத்து விதைக்கே இது தேவை, வறட்சி வருஷத்து விதைக்கு இல்லாமல் முடியாது.

வைக்கோலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. நெல் குறைகிற வருஷத்தில் வைக்கோல் விலை ஏறும், ஏனென்றால் எல்லா ஊரிலும் மேய்ச்சல் காய்ந்திருக்கும். மெஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிச் சிதறிக் கிடக்கும். கட்டும் வண்டியை வரவழைத்து உருளையாகச் சுருட்டினால்தான் விற்க முடியும். ஆள் அறுத்த பள்ளக் கழனி வைக்கோல் நீளமானது, போர் போட ஏற்றது. அதை எங்கள் மாடுகளுக்கு வைத்துக்கொண்டு மேட்டு வைக்கோலை விற்றோம். அந்தப் பணம் மெஷின் வாடகைக்கு அப்படியே போனது. கோடை முழுக்க மாடு கறந்தது. பால் பணத்தில்தான் மளிகைக் கடன் அடைந்தது.

ஏரியும் சம்பளமும்

நோட்டில் அந்த வருஷத்துப் பக்கத்தைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கழனி கைக்காசில்லாமல் தன்னைத்தானே தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். எங்களைத் தாங்கியது ஷிப்ட் சம்பளம். இந்தத் தொழில் வட்டாரத்தில் விவசாயம் இன்னும் நிற்பதற்குத் தொழிற்சாலையே ஒரு காரணம். விவசாயம் மெலிவதற்கும் இதே வளர்ச்சி ஒரு காரணம். ரோடு உயர்ந்தது, மனைகள் விழுந்தன, சுவர்கள் எழுந்தன. ஏரிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் பல இடங்களில் எங்கே போகிறது என்று தெரியாமல் போனது. மழையே இல்லாத வருஷத்தில் கால்வாய் இருந்தும் பயனில்லை. ஆனால் வர்தா மாதிரி ஒரே நாள் மழையைப் பிடித்துவைக்கக் கால்வாய் திறந்திருக்க வேண்டும்.

2017 மார்ச் 13-ம் தேதி, அப்போது எங்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் இருந்த மணிமங்கலம் ஏரியில்தான் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் என்று அறிவித்தார்கள். ஏரியைப் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து அதைப் பராமரிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. என் பிறந்த வீட்டுப் பக்கம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிமுறையே இருக்கிறது. சும்மா கிடக்கும் ஏரியைத் தூர்வார வறட்சியைவிட நல்ல காலம் கிடையாது. வறட்சி வருஷத்தில் அறுக்க வேண்டியதில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்: கழனியில் நெல் குறைந்தால் ஏரியில் வண்டல்.

2018-ல் மறுபடியும் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 24 சதவீதம் குறைந்தது. அடுத்த வருஷம் ஜூனில் செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. சென்னைக்காரர்கள் குடத்தோடு நின்ற அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் முன்பு போலப் பதற்றம் இல்லை. 2017 பிப்ரவரியில் களத்தில் செய்த பிரிப்பை 2018 செப்டம்பரில் விதைப்புக்கு முன்பே செய்துவிட்டோம். கிணற்றில் மோட்டார் நிற்காமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தத் தண்ணீர் பூக்கிற மாசத்தில் எவ்வளவு நிலத்துக்குக் காணும் என்று கணக்குப் போட்டோம். பள்ளக் கழனி ஒரு ஏக்கருக்கு மட்டும் கோ 51 என்று முடிவானது.

மேட்டுக் கழனியைத் தரிசாக விடுவதற்கு மாமா சம்மதிக்கவே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரியும். ஒரகடத்தைச் சுற்றி ஒரு போகம் தரிசு கிடந்தால் அந்த நிலம் விலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வரப்பில் பைக் நிற்கும், புரோக்கர் போன் வரும், சொந்தக்காரர்களே விலை கேட்பார்கள். அறுக்க ஒன்றும் தேறாது என்று தெரிந்தும் பலர் நெல் விதைப்பது அதற்காகத்தான்.

"கேவுரு போட்டா அது தரிசு ஆவாதே" என்றார்கள் மாமியார். நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் சின்னப் பங்கு இருந்தால் கேழ்வரகு வந்துவிடும், மாட்டுக்குத் தட்டையும் மிஞ்சும். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "கேவுருக்கு மெஷின் கெடைக்காது. கதிர் கிள்ள யாரு வருவா?" என்றார். "நாந்தான்" என்றார்கள் மாமியார். விதைத்தோம்.